நீ என்ன மிருகம்?

ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரத்தில் என் அறைத்தோழி என்னிடம் கேட்ட கேள்வி இது. பெயர் கேட்டாயிற்று, ஊர் கேட்டாயிற்று, என்ன படிக்கிறாய் என்றும் கேட்டாயிற்று. அடுத்தது, "நீ என்ன மிருகம்?" காலையில் பல் விளக்காமல் காபி குடித்ததைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாளோ என்று ஒரு நிமிஷம் ஆடிப் போய்விட்டேன் :-)

அவள் சீனாவின் ஹூபெய் மாகாணத்துப் பெண். நான் திருச்சி. இருவரும் சிங்கப்பூரில் ஒரே பாடம் படிக்கிறோம். 2003-ல் பிறந்தேன் என்றதும், "அட, நீயும் ஆடா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "எங்க பாட்டி போன்ல வந்தா மட்டும் இதைச் சொல்லிடாதே. ஒரே ரூம்ல ரெண்டு ஆடான்னு கவலைப்பட ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு எங்கேயோ பார்த்த சிரிப்பாக இருந்தது. எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வட சீனாவில் ஆட்டு வருஷத்துக் குழந்தைகளைப் பற்றி ஒரு பழமொழி உண்டாம். பத்து ஆட்டில் ஒன்பது குறையுள்ளது என்பது அதன் பொருள். அதாவது ஆட்டு வருஷத்தில் பிறந்தவர்களில், குறிப்பாகப் பெண்களில், பத்துக்கு ஒன்பது பேருக்கு வாழ்க்கை முழுசாக அமையாது. கணவன் தங்கமாட்டான், பிள்ளை தங்காது, காசு தங்காது. என் தோழி பிறக்கப் போகிறாள் என்று தெரிந்தபோது அவளுடைய பாட்டி, "ஒரு ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றாராம். 2003-ல் ஆட்டு வருஷம் பிப்ரவரி 1-ல் தொடங்கியது. இவள் மார்ச்சில் பிறந்தவள். இரண்டு மாதம் முன்னால் என்றால் குதிரை. குறைமாதப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, குதிரையாக இருக்க வேண்டும்!

அன்று ஆரம்பித்த குடைச்சல்தான். செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் சீன மிருக வருஷங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க இரண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, இது மனிதர்கள் கண்டுபிடித்த அழகான எண்ணும் முறைகளில் ஒன்று. இரண்டு, இதை வைத்து ஒரு குழந்தையின் தலையெழுத்தைச் சொல்கிறவர்கள் அதன் வரலாற்றைப் படித்ததே இல்லை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வானுலகச் சக்கரவர்த்தி மிருகங்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார். ஆற்றைக் கடந்து முதலில் வரும் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு வருஷம் பரிசு. எலி, எருதின் முதுகில் ஏறி வந்து கரையில் முன்னால் குதித்து முதலிடம் பிடித்தது. எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று மற்றவை வரிசையாக வந்தன. எழுப்பிவிடுகிறேன் என்று சொன்ன எலி எழுப்பாமல் போனதால் பூனைக்கு இடமில்லை, அன்றிலிருந்து பகை. குழந்தைகளுக்குச் சொல்ல ரொம்ப நல்ல கதை. ஆனால் வரிசை வந்த பிறகு அதற்குச் சொல்லப்பட்ட காரணம் இது. வீட்டுப் பூனை சீனாவுக்குப் பட்டுப்பாதை வழியாக வந்து சேர்ந்தது அந்தப் பட்டியலுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால். பந்தயத்துக்குத் தாமதமாக வந்தது என்பது ஒரு வகையில் உண்மைதான்!

நிஜக் கதை எலும்பில் தொடங்குகிறது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஷாங் அரசர்கள் குறி கேட்பதற்காக மாட்டு எலும்பையும் ஆமை ஓட்டையும் சூடுபடுத்தி, விழுந்த வெடிப்பைப் பார்த்துப் பலன் சொன்னார்கள். கேட்ட கேள்வியையும் நாளையும் அதிலேயே செதுக்கினார்கள். அந்த நாள் குறிக்கும் முறைதான் நம் பன்னிரண்டு மிருகங்களின் பூர்வீகம். பத்துக் குறிகள் ஒரு வரிசை, அவற்றுக்குத் 'தண்டு' என்று பெயர். பன்னிரண்டு குறிகள் இன்னொரு வரிசை, அவை 'கிளை'. இரண்டு வரிசையும் ஒன்றாக நடக்கும். முதல் தண்டோடு முதல் கிளை, இரண்டாவதோடு இரண்டாவது. பத்து முடிந்ததும் தண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், கிளை மட்டும் பதினொன்றுக்குப் போகும். இப்படியே போனால் அறுபதாவது அடி முடிந்ததும் இரண்டும் மறுபடி முதலுக்கு வந்து கைகோக்கும். ஸ்கூலில் படித்த மீ.சி.ம. ஞாபகம் இருக்கிறதா? பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. அவ்வளவுதான் ரகசியம்.

கவனியுங்கள், இதில் எலியும் இல்லை, ஆடும் இல்லை. வெறும் எண். அதுவும் வருஷத்துக்கு அல்ல, நாளுக்கு.

வருஷம் உள்ளே வந்தது வியாழன் கிரகத்தால். வியாழன் வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷம் ஆகிறது. சீன வானியலாளர்கள் அதை 'வருஷ நட்சத்திரம்' என்றே அழைத்தார்கள். வானத்தைப் பன்னிரண்டு பங்காக வெட்டி, வியாழன் எந்தப் பங்கில் நிற்கிறதோ அதை வைத்து வருஷத்தைச் சொன்னார்கள். ஒரே ஒரு சிக்கல். வியாழனுக்கு ஆவது சரியாக 12 அல்ல, 11.86 வருஷம். ஏறக்குறைய 85 வருஷத்துக்கு ஒரு தடவை அது ஒரு பங்கு முன்னால் ஓடிவிடும். கடைசியில் கி.பி. முதல் நூற்றாண்டில், ஹான் அரசு காலத்தில், வியாழனைப் பார்ப்பதையே விட்டுவிட்டு வெறுமனே அறுபதை எண்ண ஆரம்பித்தார்கள். இன்றுவரை அந்த எண்ணிக்கைதான் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நம்மாட்கள் ஞாபகம் வரவில்லையா? பிரபவ, விபவ என்று தொடங்கி அட்சய வரைக்கும் நமக்கும் அறுபதுதான். அதுவும் வியாழ வட்டத்தில் பிறந்ததுதான். தென்னிந்தியாவில் நாமும் வியாழனைத் திருத்திக்கொண்டிருக்காமல் வெறுமனே வரிசையாக எண்ணிக்கொண்டு போகிறோம். சீனர்களின் நடப்பு அறுபது 1984-ல் தொடங்கியது, நம்முடையது 1987-ல். மூன்றே வருஷ இடைவெளி. என் ஜாதகத்தில் 'சுபானு' என்று எழுதியிருப்பதைத் தோழியிடம் காட்டினேன். "இதுக்கு என்ன மிருகம்?" என்றாள். மிருகமெல்லாம் இல்லை, பெயர் மட்டும்தான் என்றதும் அவள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! நியாயமான ஏமாற்றம். எனக்கே அறுபது பெயரும் ஒழுங்காகத் தெரியாது. அவளுடைய ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடப் பன்னிரண்டு மிருகமும் வரிசையாக வரும்.

இங்கேதான் மிருகங்கள் மேல் எனக்கு மரியாதை. 'பிங்-வூ' என்று ஒரு விவசாயியிடம் சொன்னால் மனதில் நிற்காது. 'குதிரை வருஷம்' என்றால் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குத் தன் வயதைக் கையிலேயே கொடுத்துவிட்ட ஏற்பாடு அது. பெரியவர்களிடம் நேராக வயதைக் கேட்பது மரியாதை இல்லை என்பதால், "உங்களுக்கு எந்த மிருகம்?" என்று கேட்பது இன்றும் சீனாவில் வழக்கம். பதிலும் முகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷம் தப்பாகக் கணிக்கிற அளவுக்கு யாருக்கும் கண் கெட்டிருக்காது.

மிருகங்கள் எப்போது வந்தன? 1975-ல் ஹூபெய் மாகாணத்து யுன்மெங்கில், ஷுய்ஹுதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள் (தோழியின் மாகாணம்தான், அவளுக்கே இது தெரியாது). சின் அரசில் சட்டம், வழக்கு பார்த்த ஒரு சின்ன அதிகாரியின் கல்லறை. கி.மு. 217 வாக்கில் புதைத்திருக்கிறார்கள். உடம்பைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுதப்பட்ட மூங்கில் பட்டைகள். நம் ஊர் ஓலைச்சுவடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சட்டப் புத்தகங்கள். கூடவே நல்ல நாள், கெட்ட நாள் சொல்லும் ஒரு பஞ்சாங்கம். அந்தப் பஞ்சாங்கத்தில் ஒரு பகுதிக்குத் தலைப்பு, 'திருடர்கள்'.

ஆமாம், திருடர்கள்! இன்ன நாளில் பொருள் களவு போனால் திருடன் எப்படி இருப்பான் என்று சொல்கிற பகுதி. முதல் கிளையின் நாளில் போனால் அது எலி. திருடனுக்குக் கூரான வாய், அடர்த்தியில்லாத தாடி, கறுத்த கை, முகத்தில் மச்சம். பொருளைச் சுவருக்குள்ளே குப்பைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பான். இரண்டாவது கிளை என்றால் எருது. பெரிய மூக்கு, நீண்ட கழுத்து, கூனல். மூன்றாவது புலி, ஆள் முரடன். இன்று பத்திரிகைகளில் வருகிற 'எலி வருஷத்தில் பிறந்தவர்கள் புத்திசாலிகள், சிக்கனக்காரர்கள்' என்பதற்கெல்லாம் கொள்ளுத்தாத்தா ஒரு போலீஸ் அங்க அடையாளக் குறிப்பு. இதைப் படித்துவிட்டு நான் லைப்ரரியில் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து மேஜைக்காரர் முறைத்தார்.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. அந்தப் பட்டியல் இன்றைய பட்டியலோடு ஒத்துப் போகவில்லை. ஏழாவது கிளைக்கு, அதாவது இன்றைக்குக் குதிரை நிற்கிற இடத்தில், அங்கே மான். எட்டாவது கிளையில், அதாவது இன்றைக்கு ஆடு நிற்கிற இடத்தில், குதிரை. கிழட்டு ஆடு பதினொன்றாவது கிளைக்குப் போய், இன்றைக்கு நாய் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1986-ல் கான்சு மாகாணத்து ஃபாங்மாதானில் கிடைத்த இன்னொரு பட்டைக் கட்டில் குதிரையும் ஆடும் நாயும் இன்றைய இடங்களிலேயே இருக்கின்றன, ஆனால் பாம்பு இருக்க வேண்டிய இடத்தில் கோழி.

புரிகிறதா? ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மிருகங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. அந்த ஷுய்ஹுதி பட்டியலே நிலைத்திருந்தால் நானும் என் தோழியும் ஆடே கிடையாது. குதிரை! பாட்டி ஆசைப்பட்டபடியே.

இன்றைய வரிசை முழுசாகக் கிடைப்பது கி.பி. முதல் நூற்றாண்டில், வாங் சோங் என்பவர் எழுதியதில். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை. புத்தகம் வாங்கக் காசில்லாமல் லோயாங் நகரத்துக் கடைகளில் நின்று படித்தே படிப்பாளி ஆனவர். அவர் மிருகங்களைப் பட்டியலிட்டது நம்பியதால் அல்ல, கிண்டலடிக்க. பஞ்சபூதத்தில் நீர் நெருப்பை வெல்லும் என்கிறீர்கள், எலி நீர், குதிரை நெருப்பு என்கிறீர்கள், அப்படியானால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்று கேட்கிறார். கிட்டத்தட்ட 1900 வருஷத்துக்கு முன்னால்! பட்டியலுக்கு முதல் சாட்சியாக நிற்பவரே அதை நம்பாதவர்.

பிறந்த வருஷத்துக்கும் ஆளுக்குமான உறவு பதிவாகியிருக்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். அது ஜோசியம் அல்ல, ஓர் அம்மாவின் கடிதம். ஆறாம் நூற்றாண்டில் வட சீனா இரண்டு எதிரி அரசுகளாக உடைந்து கிடந்தது. மேற்கே யூவென் ஹூ என்பவர் அரசரை ஆட்டிவைக்கும் பெரிய ஆள். அவருடைய அம்மா கிழக்கே எதிரி அரசின் பிடியில். முப்பது வருஷத்துக்கு மேல் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. 564-ல் அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. நான்தான் உன் அம்மா என்று எப்படி நிரூபிப்பது? வூசுவானில் உங்களைப் பெற்றேன், மூத்தவன் எலி, அடுத்தவன் முயல், நீ பாம்பு என்று அந்தக் கடிதம் சொல்கிறது. எதிரி அரசு தன் லாபத்துக்காக எழுதவைத்த கடிதம்தான் அது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியில் எனக்குக் கண் கலங்கியது. 'பாம்பு' என்றால் அங்கே தந்திரக்காரன் என்றோ ஆபத்தானவன் என்றோ அர்த்தம் இல்லை. நீ எப்போது பிறந்தாய் என்பது எனக்குத் தெரியும் என்று அர்த்தம். அந்த வருஷமே அம்மாவை அனுப்பி வைத்துவிட்டார்கள்.

மிருகங்கள் இப்படிப் பயன்பட்டவரை யாருக்கு என்ன நஷ்டம்? மங்கோலியப் புல்வெளியில் நிற்கும் ஓர்கோன் கல்வெட்டுகளில் துருக்கிய இளவரசர் கூல் தெகின் ஆட்டு வருஷத்தில் இறந்ததாகப் பொறித்திருக்கிறார்கள். அது 731. வியட்நாமில் முயலுக்குப் பதில் பூனை, எருதுக்குப் பதில் எருமை. சீன மொழியில் அந்தக் கிளையின் பெயர் 'மாவ்', வியட்நாமியத்தில் பூனைக்கு 'மெயோ', அதனால் வந்த மாற்றம் என்பார்கள். கஜகஸ்தானில் டிராகன் இருக்கும் இடத்தில் நத்தை! அங்கே 2024 நத்தை வருஷம். சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு பௌத்த சூத்திரத்தில் பன்னிரண்டு மிருகங்கள் வருகின்றன, அதில் புலி போய் சிங்கம் நிற்கிறது. போகிற இடத்துக்கு ஏற்ப மிருகத்தை மாற்றிக்கொண்டார்கள், எண்ணிக்கையை மாற்றவில்லை. எண்ணிக்கைதான் விஷயம் என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

சரி, இதுவரை ஜாலி. இனிமேல்தான் எனக்குக் கோபம் வந்த பகுதி.

அறுபது வருஷத்தில் ஒரு தடவை, நெருப்புத் தண்டும் குதிரைக் கிளையும் சேரும். 1906, 1966, 2026. ஜப்பானில் இதற்கு 'ஹினோஎ உமா' என்று பெயர். அந்த வருஷத்தில் பிறக்கும் பெண் அடங்காதவள், புருஷனைக் கொன்றுவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. இதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவள் யாஒயா ஒஷிச்சி என்ற சிறு பெண். எதோ நகரத்து (இன்றைய டோக்கியோ) காய்கறிக் கடைக்காரர் மகள். தீ விபத்தில் வீடு போய், குடும்பம் ஒரு கோவிலில் தங்கியபோது அங்கே ஒரு பையனிடம் மனதைக் கொடுத்துவிட்டாள். மறுபடி தீப்பிடித்தால் அவனைப் பார்க்கலாம் என்று தானே நெருப்பு வைத்தாள் என்பது கதை. 1683-ல் அவளை உயிரோடு எரித்துக் கொன்றார்கள். கதை நாடகமாகிப் புத்தகமாகி நாடு முழுக்கப் பரவியது. அவள் 1666-ல், நெருப்புக் குதிரை வருஷத்தில் பிறந்தவள் என்று ஒரு கணக்கு. 1668 என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டாவது கணக்கு சரியென்றால் அவள் குதிரையே இல்லை, குரங்கு!

பதினாறு வயதுகூட நிரம்பியிருக்குமா என்று தெரியாத ஒரு பெண்ணின் பெயரால் என்ன நடந்தது பாருங்கள். 1906-ல் பெண் குழந்தை பிறந்த குடும்பங்கள் பதிவேட்டில் முந்தின வருஷத்துக்கோ அடுத்த வருஷத்துக்கோ தேதியை மாற்றி எழுதின. அந்த வருஷத்துப் பெண்களுக்குக் கல்யாணம் அமைவது கஷ்டமானது. அதன் பிறகு 1966. ரேடியோ, டிவி, புல்லட் ரயில் எல்லாம் வந்தாயிற்று, டோக்கியோவில் ஒலிம்பிக்ஸும் நடந்து முடிந்தாயிற்று. 1965-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 18 லட்சத்து 24 ஆயிரம். 1966-ல் 13 லட்சத்து 61 ஆயிரம். 1967-ல் 19 லட்சத்து 36 ஆயிரம். நடுவில் மட்டும் பெரிய பள்ளம். அந்த வருஷம் கருக்கலைப்பு விகிதமும் கூடியது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.58 குழந்தை என்ற அந்த வருஷத்து எண், விதிவிலக்கான எண்ணாகவே பல காலம் நின்றது. 1989-ல் எந்தக் குதிரையும் இல்லாமலே 1.57-க்கு இறங்கியபோதுதான் ஜப்பான் தன் மக்கள்தொகையைப் பற்றி நிஜமாகவே அதிர்ந்தது.

இன்னொரு கூத்து. ஜப்பான் 1873-லேயே ஆங்கில நாட்காட்டிக்கு மாறிவிட்டதால் அங்கே மிருக வருஷமும் ஜனவரி 1-ல் தொடங்கிவிடும். சீனாவில் 1966-ன் குதிரை வருஷம் ஜனவரி 21-ல்தான் தொடங்கியது. ஆக ஜனவரி 10-ஆம் தேதி பிறந்த பெண் ஜப்பானில் புருஷனைக் கொல்லும் குதிரை, விமானம் ஏறிச் சீனாவில் இறங்கினால் சாதாரணப் பாம்பு. சீனாவில் இந்த நெருப்புக் குதிரைப் பெண் பயம் அப்படி ஒன்றும் கிடையாது. அங்கே ஆடுதான் மாட்டிக்கொண்டது. அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். சிங் வம்சத்தை ஆட்டிவைத்த ராணி சிஷி 1835-ல், ஆட்டு வருஷத்தில் பிறந்தவர், அவரைத் திட்டுவதற்காகக் கிளப்பிவிட்ட பேச்சு என்கிறார்கள். ஒரு ராணி மேல் இருந்த கோபத்துக்கு என் அறைத்தோழி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1966-ல் பிறந்த ஜப்பானியப் பெண்களுக்கு என்ன ஆயிற்று? அவர்களில் ஒருவர் செப்டம்பர் 11-ல் பிறந்த கிகோ. 1990-ல் அரச குடும்பத்தில் மருமகளானார். கணவர் இளவரசர் ஃபுமிஹிதோ நன்றாகவே இருக்கிறார் :-) அரச குடும்பத்தில் நாற்பது வருஷமாக ஆண் பிள்ளையே இல்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது 2006-ல் இளவரசர் ஹிசஹிதோவைப் பெற்றவரும் அவர்தான்.

"சரி, கெட்ட மிருகத்தை விடு, நல்ல மிருகம் நல்லதுதானே?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். டிராகன் வருஷத்தைச் சொல்கிறான். சிங்கப்பூரில் 1987-ல் பிறந்தவர்கள் 43,616. டிராகன் வருஷமான 1988-ல் 52,957. மூன்றாவது குழந்தை பெற்றுக்கொள்ளச் சொல்லி 1987-ல் அரசாங்கம் கொள்கையை மாற்றியதும் இதில் சேர்த்தி, எல்லாப் பழியும் டிராகன் மேல் போட முடியாது. ஆனால் அந்தக் குழந்தைகள் எல்லோரும் 1995-ல் ஒன்றாகத்தானே முதல் வகுப்பு வாசலில் நின்றிருப்பார்கள்? ஒன்றாகத்தானே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டு, ஒன்றாக வேலை தேடியிருப்பார்கள்? அதிர்ஷ்ட வருஷத்தில் எல்லோரும் பெற்றால் பெஞ்சில் இடம் நெருக்கடி. யாருக்கும் வேண்டாத 1966-ல் பிறந்தவர்களுக்குத்தான் போட்டி குறைவு. சீனாவில் 2023-ல் 90 லட்சத்து 20 ஆயிரமாக இருந்த பிறப்பு, டிராகன் வருஷமான 2024-ல் 95 லட்சத்து 40 ஆயிரம் ஆனது. கொரோனாவால் தள்ளிப்போன கல்யாணங்கள் 2023-ல் நடந்ததும் இதற்கு ஒரு காரணம்.

டிராகன் பிள்ளைகள் நிஜமாகவே கெட்டிக்காரர்கள் என்பார்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் சீன மாணவர்களை வைத்து இதை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். டிராகன் பிள்ளைகள் கூடுதல் மார்க் வாங்குவது உண்மைதான். ஏன் என்று தோண்டினால், பெற்றோர் அவர்கள்மேல் கூடுதலாக எதிர்பார்ப்பு வைத்திருந்தார்கள், கூடுதல் நேரமும் பணமும் செலவழித்தார்கள். எதிர்பார்ப்பைக் கணக்கில் எடுத்துவிட்டால் டிராகனின் மகிமையும் போய்விடுகிறது. எனக்குத் தோன்றுவது இதுதான். டிராகன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த அந்த ஒரு புத்தகத்தை ஆட்டுப் பிள்ளைக்கும் வாங்கிக் கொடுத்திருக்கலாமே?

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். எங்கள் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. பேங்கில் வேலை. மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாது என்று மூன்று வீட்டிலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை நானும் அங்கே இருந்தேன். வந்த கவரைப் பிரிக்காமலே ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "இவங்க மாமனாரும் பிழைச்சாரு, போ" என்று சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தார். அப்புறம் இருவரும் தனித்தனி அறைக்குப் போய்விட்டார்கள். என் தோழி பாட்டியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தது அதே சிரிப்பு. ஹினோஎ உமா கணவனுக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது. நாடு வேறு, கணக்கு வேறு. எந்தக் கணக்கைப் போட்டாலும் கடைசியில் ஆகாதவள் ஒரு பெண்ணாகவே வந்து நிற்கிறாளே, அது எப்படி?

அதனால் இதெல்லாம் மூடநம்பிக்கை, குப்பையில் போடு என்று சொல்ல எனக்கு மனசில்லை. அப்படிச் சொல்லும் நண்பர்கள் சிலர் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு அந்த அம்மாவின் கடிதத்தைப் படித்துக் காட்ட ஆசை. மூன்று வயதில் பன்னிரண்டு மிருகத்தையும் பாடம் சொல்லும் குழந்தையிடம் போய் எதைப் பிடுங்கப் போகிறீர்கள்? வயது சொல்லும் வேலைக்கு ஆடு இருக்கட்டும். மாப்பிள்ளை பார்க்கும் வேலைக்கும், பிள்ளை பெறலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் வேலைக்கும் ஆட்டைக் கூப்பிடாதீர்கள். அந்த வேலைக்கு அது வரவே இல்லை. அது வந்தது நாள் எண்ண. கூடவே கொஞ்சம் திருடன் பிடிக்க.

ஷுய்ஹுதி விஷயத்தைத் தோழியிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. படத்தைக் காட்டியதும் தன் மொழியில் அந்தப் பழைய எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிப் படித்துப் பார்த்தாள். எட்டாவது கிளையில் 'குதிரை' என்ற எழுத்தைக் கண்டுபிடித்ததும் அப்படியே போனை எடுத்துப் பாட்டியைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷம் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. முடித்ததும் "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"மூங்கில்ல எழுதினவனுக்குக் கை தவறியிருக்கும்னு சொல்றாங்க."

அடுத்த ஆட்டு வருஷம் 2027 பிப்ரவரி 6-ல் தொடங்குகிறது. தன் மிருகம் திரும்பி வரும் வருஷம் ஆபத்தானது, அந்த வருஷம் முழுக்க உடம்பில் ஏதாவது சிவப்பு இருக்க வேண்டும் என்பது சீன வழக்கம். பாட்டி இப்போதே இவளுக்குச் சிவப்புச் சாக்ஸ் வாங்கி வைக்கப் போகிறாராம். கூட இருக்கும் இந்தியப் பெண்ணும் ஆடுதான் என்பது எப்படியோ அன்று வெளியே வந்துவிட்டது. என் கால் அளவைக் கேட்டிருக்கிறார். சொல்லிவிட்டேன்.